குடியாத்தத்துக் கேள்விக்கு: ஹூண்டாயை நம்பி வாங்கலாமா?

கேள்வி இதுதான். குடியாத்தத்தில் இருக்கும் ஒரு தம்பி, ரிட்டயர் ஆன அப்பாவுக்கு நாலு லட்சத்துக்குள் பழைய கார் தேடுகிறார். கண்ணில் பட்டிருப்பது 2017 மாடல் ஹூண்டாய் கிராண்ட் ஐ10, பெட்ரோல். அப்பாவுக்கு மாருதியைத் தவிர வேறு எதுவும் காரே இல்லை. மாமா ஒருவர் "கொரியாக்காரன் வண்டி தகர டப்பாடா, பகட்டுதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனியின் பூர்வீகம் என்ன, வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாம். ஆனால் உங்கள் மாமாவும் சும்மா சொல்லவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் என் பதில்.

நான் வேலூரில் இருபது வருடத்துக்கு மேலாக இன்சூரன்ஸ் சர்வேயர். வாலாஜா டோல்கேட்டிலிருந்து ஆம்பூர் வரை பெங்களூர் ரோட்டில் அடிபட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. பம்பரைக் கழற்றிப் போட்ட பிறகுதான் நான் எந்தக் காரையும் பார்ப்பேன். அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் கதை ஒரு மாட்டில் தொடங்குகிறது. சுங் ஜூ யுங் 1915ல் பிறந்தவர். ஊர், இன்றைக்கு வடகொரியாவில் இருக்கும் அசான் என்ற கிராமம். ஏழை விவசாயி வீட்டு மூத்த பிள்ளை. அப்பா மாடு விற்று வைத்திருந்த 70 வோனை (கொரியப் பணம்) எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடினார். கடைசியில் ஒரு அரிசிக்கடையில் வேலை கிடைத்தது. 1938ல் அந்த வியாபாரமே அவர் கைக்கு வந்தது. நம் ஆரணி அரிசி மண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அப்போது கொரியா ஜப்பான்காரன் கையில் இருந்தது. அவன் அரிசிக்கு ரேஷன் கொண்டுவந்ததும் கடை மூடப்பட்டது. 1940ல் கார் ரிப்பேர் கடை ஒன்றை எடுத்தார். எடுத்த கொஞ்ச நாளில் அது தீப்பிடித்து, ரிப்பேருக்கு வந்த வண்டிகளோடு எரிந்து போனது. மறுபடியும் கடன் வாங்கி மறுபடியும் கடை. மற்ற மெக்கானிக்குகள் பத்து நாள் இழுக்கும் வேலையை மூன்று நாளில் முடித்துவிட்டுக் கூலியைக் கூடுதலாக வாங்குவாராம். இந்த அவசரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கம்பெனியின் ரத்தத்தில் அது இன்னும் ஓடுகிறது.

1947ல் கட்டுமானக் கம்பெனி, 1967ல் கார் கம்பெனி. ஹூண்டாய் என்றால் கொரிய மொழியில் 'நவீனம்' என்று அர்த்தம். பெயர்தான் நவீனம், சரக்கு கடன். 1968ல் உல்சான் நகரில் அவர்கள் பூட்டி விற்றது ஃபோர்டு கார்ட்டினா, அதாவது வெளியிலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி. அப்புறம் ஃபோர்டோடு ஒத்துப்போகவில்லை. சொந்தக் கார் செய்தே தீருவது என்று முடிவெடுத்து, பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து ஜார்ஜ் டர்ன்புல் என்பவரைக் கூட்டிவந்தார்கள். உருவம் வரைந்தது இத்தாலியின் ஜியுஜாரோ, எஞ்சின் மிட்சுபிஷி. இப்படி நாலு வீட்டில் சாமான் வாங்கிச் சமைத்த வண்டிதான் போனி. 1974ல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் காட்டினார்கள், 1976ல் விற்பனை, அதே வருடம் ஈக்வடாருக்கு ஏற்றுமதி. போனதென்னவோ விரல்விட்டு எண்ணும் அளவு வண்டிகள்தான்.

உங்கள் மாமாவின் 'தகர டப்பா' பிறந்த இடம் அமெரிக்கா. 1986ல் எக்ஸெல் என்ற காரை 4,995 டாலருக்கு அங்கே இறக்கினார்கள். முதல் வருடமே 1,68,882 வண்டிகள் விற்றன. புதிதாக அமெரிக்காவுக்குள் நுழைந்த எந்தக் கம்பெனியும் அதுவரை அப்படி விற்றதில்லை. விலை குறைவு, பார்க்கவும் பரவாயில்லை. உள்ளே சரக்கு மட்டம். இரண்டு மூன்று வருடத்தில் துருவும் கோளாறும் வெளியே வந்தன. ராத்திரி டிவி நிகழ்ச்சிகளில் ஹூண்டாய் என்ற பெயரே நகைச்சுவையாகிப் போனது.

இங்கேதான் அந்தக் கம்பெனியின் இன்னொரு குணம் தெரிகிறது. கார் கம்பெனியை நெடுநாள் நடத்தியவர் சுங்கின் தம்பி சே யுங். 1999ல் பொறுப்பு பெரியவரின் மகன் மோங் கூ கைக்கு வந்தது. சித்தப்பா போய் அண்ணன் மகன் வந்தார் என்றால் நம் ஊரில் கோர்ட் கேஸ் ஆகியிருக்கும், அங்கேயும் உரசல் இல்லாமல் இல்லை. இந்த மோங் கூ நிறைய வருடம் சர்வீஸ் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கஸ்டமர் வந்து எதற்குக் கத்துவார் என்று அறிந்தவர். அமெரிக்காவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி என்று அந்தச் சமயத்தில்தான் அறிவித்தார்கள். அப்படி வாரண்டி கொடுத்துவிட்டு மட்டமான வண்டி செய்தால் கம்பெனியே திவாலாகும், அதனால் தரத்தைத் திருத்துவதைத் தவிர வழியில்லை. 2004ல் ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆரம்பத் தர ஆய்வில் ஹோண்டாவோடு சமமாக டொயோட்டாவுக்கு அடுத்த இடத்தில் வந்து நின்றார்கள். கேலிப்பொருளாக இருந்ததற்கும் இதற்கும் நடுவில் பதினைந்து வருடம் கூடச் சரியாக இல்லை.

ஆக, நான் பார்த்தவரையில் இந்தக் கம்பெனியின் வழக்கம் இது: கண்ணில் படுகிற இடத்தில் தாராளம், படாத இடத்தில் கை கொஞ்சம் சுருக்கம். யாராவது நாலு பேர் முன்னால் திட்டிவிட்டால் மட்டும் வேகமாகத் திருத்திக்கொள்வார்கள். நம் ஊர் வரலாறும் இதே தடத்தில்தான் வருகிறது.

1996ல் இந்தியக் கம்பெனியைப் பதிவு செய்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டினார்கள். 1998 செப்டம்பரில் சான்ட்ரோ. (அதே 1998ல்தான் கிழவர் சுங், இரண்டு தவணையாக 1,001 மாடுகளை லாரிகளில் ஏற்றி எல்லை தாண்டி வடகொரியாவுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். அப்பாவிடம் எடுத்த ஒரு மாட்டுக்கு வட்டியோடு கணக்குத் தீர்த்தாராம். எனக்கு அந்தக் கம்பெனி மேல் இருக்கும் பிரியத்தில் பாதி இந்த மாடுகளால்தான்.)

அன்றைக்கு வேலூரில் கார் என்றால் அம்பாசடர், பழைய ஃபியட், மாருதி 800. சான்ட்ரோ வந்தபோது அதன் உயரத்தைப் பார்த்து ஆட்டோவுக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த உயரம்தான் அதைக் காப்பாற்றியது. குனியாமல் ஏறலாம், இறங்கலாம். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், முட்டிவலிக்காரர்கள் எந்த வண்டியில் சுலபமாக ஏறுகிறார்கள் என்று தெரியும். எஞ்சினும் அன்றைய கணக்குக்கு ஒரு படி மேலே, 999 சிசி, கார்புரேட்டர் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறை. 1999ல் டெல்லியில் உச்ச நீதிமன்றம் புகை விதியை இறுக்கியபோது மற்றவர்கள் அவசர அவசரமாக மாற்றினார்கள், சான்ட்ரோ ஏற்கெனவே தயாராக இருந்தது. 2003ல் சான்ட்ரோ ஜிங். 2014 கடைசியில் நிறுத்தும்வரை இந்தியாவில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் விற்றது. 2018ல் அதே பெயரில் வந்த இரண்டாவது சான்ட்ரோ நாலு வருடத்தில் போய்விட்டது. பெயரை மட்டும் வைத்து வண்டி ஓடாது.

அதே காலத்தில் இன்னொரு கொரியக் கம்பெனியும் இந்தியாவில் இருந்தது. டேவூ. சியலோவும் மேட்டிஸும் ஞாபகம் இருக்கிறதா? மேட்டிஸ் நல்ல குட்டி வண்டி, சில விஷயங்களில் சான்ட்ரோவை விட நன்றாகவே இருந்தது. ஆனால் கொரியாவில் தாய்க் கம்பெனி விழுந்தது, இங்கே வண்டி வாங்கியவர்கள் ஸ்பேர்ஸுக்கு அலைந்தார்கள். அதனால் 'கொரியா வண்டி' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். கியாவும் கொரியாதான். 1944ல் சைக்கிள் பாகம் செய்து தொடங்கி, 1997 நெருக்கடியில் திவாலாகி, 1998ல் ஹூண்டாய் கைக்குப் போன கம்பெனி. நமக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் அன்றைய அனந்தப்பூர் மாவட்டத்தில் ஆலை வைத்து 2019ல் செல்டாஸ் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். ஹூண்டாயின் கிரெட்டாவுக்கும் அதற்கும் அடித்தளம் ஒன்றுதான், சட்டை வேறு.

'கொரியாக்காரன் வண்டி' என்று மாமா சொல்வதில் எனக்கு இன்னொரு சின்ன மனத்தாங்கல். இருங்காட்டுக்கோட்டை வேலூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். ராணிப்பேட்டை, ஆற்காடு, அரக்கோணம் பக்கத்துப் பையன்கள் ஐடிஐ, டிப்ளமா முடித்துவிட்டு அந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். சத்துவாச்சாரி பாலத்தில் நின்றால் புதுக் கார்களை அடுக்கிய நீள லாரிகள் பெங்களூர் பக்கம் போவதைப் பார்க்கலாம். தலைமை கொரியாவில் இருக்கட்டும், போல்ட் முடுக்கியது நம் ஜில்லாக்காரன் கையாகவும் இருக்கலாம்.

சரி, வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

நம் பக்கத்தில் முதலில் சொல்வது ஏசி. கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மைதானத்தில் மூன்று மணி நேரம் நின்ற வண்டியில் ஏறி, கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் உள்ளே குளிர்ந்தால் அவன் தெய்வம். ஐ10 காலத்திலிருந்தே அந்தப் பெயர் ஹூண்டாய்க்கு உண்டு. இரண்டாவது, கை கால் வலிக்காது. ஸ்டியரிங் பஞ்சு, கிளட்ச் மென்மை, கியர் வழுக்கிக்கொண்டு விழும். உங்கள் அப்பா வயதில் இது சின்ன விஷயமில்லை. மூன்றாவது, உள்ளே உட்கார்ந்தால் கொடுத்த பணம் தெரிகிறது என்பார்கள். பிளாஸ்டிக், சீட் துணி, ஸ்கிரீன், பின்சீட்டுக்கு ஏசி என்று ஒரு வகுப்பு மேலே இருக்கிற வண்டி மாதிரி காட்டுவார்கள். இப்போது கிரெட்டா வாங்குகிறவர்கள் எல்லாம் சன்ரூஃப் கேட்கிறார்கள். மே மாதத்தில் காட்பாடி ரோட்டில் மேலே கண்ணாடியைத் திறந்து யார் தலையைக் காட்டப் போகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

குறையும் சொல்வார்கள். மைலேஜில் மாருதியிடம் தோற்கும், லிட்டருக்கு ஓரிரண்டு கிலோமீட்டராவது. 1.2 பெட்ரோல் டவுனுக்குள் ஏசியோடு 12, 13 கொடுத்தால் திருப்தியாக இருங்கள். ஹைவேயில் 17, 18 வரை பார்க்கலாம். ஓட்டுவதில் ருசி கண்டவர்கள் பழைய ஹூண்டாய்களைப் பற்றிச் சொல்வது வேறு: ஸ்டியரிங் லேசாக இருப்பது டவுனுக்கு வரம், நூறுக்கு மேலே போனால் கையில் ரோடே தெரியாது. 2011 வெர்னா பார்க்க அழகு, டீசல் எஞ்சின் குதிரை, ஆனால் வேகத்தில் பின்பக்கம் மிதக்கிறது என்று அன்றைக்கே எல்லோரும் எழுதினார்கள். பிறகு வந்த மாடல்களில் சஸ்பென்ஷனை இறுக்கினார்கள். பார்த்தீர்களா, மறுபடி அதே கதை.

கரெண்ட் ஸ்டியரிங் உள்ள மாடல்களில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும் என்பதும் பரவலான புகார். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும். பாகம் மலிவு, கூலிதான் அதிகம். இதைக் காரணம் காட்டி ஸ்டியரிங் அசெம்பிளியையே மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டர்போ பெட்ரோலும் டிசிடி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த வண்டிகள் உங்கள் பட்ஜெட்டில் இல்லை, இருந்தாலும் யாருக்காவது உதவும்: அதில் இருப்பது உலர்ந்த கிளட்ச், மெதுவான நெரிசலில் சூடாகும். ஏலகிரியின் பதினாலு வளைவில் ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். பிரேக்கில் நிறுத்துங்கள், இடைவெளி விட்டுக் கிளம்புங்கள்.

ஸ்பேர்ஸ் கவலை வேண்டாம். ஒரிஜினல் பாகம் மோபிஸ் (ஹூண்டாய் குழுமத்தின் பாகக் கம்பெனி) டப்பாவில் வரும். பழைய சான்ட்ரோவுக்கும் ஐ10க்கும் வெளிச் சரக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. ஹூண்டாய் தெரியாத மெக்கானிக் இன்றைக்கு நம் ஜில்லாவில் இல்லை.

இப்போது மாமாவின் பாதி உண்மைக்கு வருகிறேன். 2014ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டுச் சின்னக் கார்களைச் சுவரில் மோதிப் பார்த்தது. ஐ10க்குப் பூஜ்ஜியம். உங்கள் அப்பா சந்தோஷப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன், மாருதி ஆல்டோ 800க்கும் பூஜ்ஜியம், நானோவுக்கும் ஃபிகோவுக்கும், ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கும் பூஜ்ஜியம். அன்றைய சின்னக் கார்கள் எல்லாமே ஒரே குட்டையில் ஊறியவை. 2016ல் ஹூண்டாயின் சின்ன வண்டி ஈயானுக்கும் பூஜ்ஜியம். 2020ல் கிராண்ட் ஐ10க்கு அடுத்து வந்த நியோஸ் இரண்டு நட்சத்திரம், 2022ல் ஐ20யும் கிரெட்டாவும் மூன்று, 2023ல் புது வெர்னா ஐந்து. அதே 2023 அக்டோபரில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று கம்பெனியே அறிவித்தது. ஒன்பது வருடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து. சன்ரூஃபுக்கு இருந்த அவசரம் இதற்கும் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் என்பது அடிபட்ட வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒருவனுடைய ஆதங்கம்.

இதனால் உங்களுக்கு என்ன? 2017 கிராண்ட் ஐ10 அந்த மாற்றத்துக்கு முந்திய வண்டி. டிரைவர் ஏர்பேக் சட்டப்படி கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்று பின்னால் எழுதியிருக்கும். எந்த ரகம் என்று பார்த்து, இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கிற வண்டியாகத் தேடுங்கள். அலாய் வீல் இல்லாவிட்டால் போகட்டும். அப்பா குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு, வேலூர், வருடத்துக்கு இரண்டு முறை திருப்பதி என்று எழுபது எண்பதில் போகிறவர் என்றால் தாராளமாகப் போதும். நீங்கள் வாராவாரம் பெங்களூர் ரோட்டில் 120ல் பறப்பதற்கு என்றால் இந்த வண்டி வேண்டாம். எந்தக் கம்பெனியானாலும் அந்தக் காலத்துச் சின்னக் கார் அதற்கு வேண்டாம்.

எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை. கிராண்ட் ஐ10ல் இருப்பது கப்பா என்ற 1.2 லிட்டர் எஞ்சின், அதில் வால்வுகளை இயக்குவது சங்கிலி, அதாவது டைமிங் செயின். சான்ட்ரோவிலும் பழைய ஐ10 1.1 லிட்டரிலும் அந்த வேலைக்கு இருப்பது டைமிங் பெல்ட், காலா காலத்தில் மாற்ற வேண்டும். என் சான்ட்ரோவில் 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று தள்ளிப்போட்டு, பள்ளிகொண்டா டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பெல்ட் அறுந்து, ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலைக்கு வந்தேன். ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதுகிறவன் தன் வண்டி மேனுவலைப் படிக்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது. யாராவது மலிவு என்று பழைய 1.1 ஐ10ஐக் காட்டினால், பெல்ட் மாற்றிய பில் எங்கே என்று கேளுங்கள். பதினைந்து வருடத்தை நெருங்குகிற வண்டி என்றால் ஆர்சி புதுப்பிப்பு, எஃப்சி, பசுமை வரி என்று செலவு கூடவே வரும்.

புரோக்கர் சொல்கிற கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஒருமுறை எனக்கே ஒருவர் 38,000 ஓடிய வண்டி என்று காட்டினார். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, டிரைவர் சீட் ஓரம் குழிந்திருந்தது. மீட்டரைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் கணக்கு கிடைக்கும், அதில் கடைசி ரீடிங்கைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்திலும் ஃபெண்டர் போல்டுகளிலும் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் தலையில் ஸ்பானர் தடம் இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஏதாவது உண்டா என்பதையும் பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பார்த்தே ஊகித்துவிடலாம்.

வண்டி பார்க்க அப்பாவையும் கூட்டிப் போங்கள், வேட்டியிலேயே வரட்டும், ஏறி இறங்கிப் பார்க்கட்டும். ஒன்று மட்டும்: விற்கிறவர் காலை ஏழு மணிக்கு வாங்க, கூட்டம் இருக்காது என்பார். போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய், வெயிலில் நிறுத்தியிருக்கும் வண்டியை எடுத்து, ஏசியைப் போட்டு, நாலு பேர் உட்கார்ந்து ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். கம்ப்ரசரும் கிளட்சும் ரேடியேட்டரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியே சொல்லிவிடும்.